பின்பக்கம் ஒட்டாத பலகை

அவளுக்குத் தீப்பெட்டி என்று பெயர் வைத்தவன் பாலிஷ்காரன். அளவில் சிறிசு, பார்த்தால் சாது, உரசினால் போச்சு என்பது அவன் விளக்கம். பெயர் அவள் காதுக்கு எட்டிய அன்று, ஒரு வார்னிஷ் டப்பாவைக் கொண்டுவந்து அவன் காலடியில் தொப்பென்று வைத்து, "இப்ப உரசிப் பாருய்யா" என்றாள். அதற்குப் பிறகு அவள் இல்லாத நேரத்தில் மட்டும் அந்தப் பெயரைச் சொன்னார்கள். அந்த மரப்பட்டறையில் அவள் இல்லாத நேரம் மிகக் குறைவு.

பட்டறை அவள் கொழுந்தனுடையது. அவள் புருஷன் அங்கே பிரஸ் ஓட்டுகிறவர். பசை தடவிய பலகைகளை இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவே வைத்துத் திருகி அமுக்குவது அவர் வேலை. தம்பி முதலாளி, அண்ணன் வேலையாள் என்ற இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்று யாராவது கேட்டால் அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். "ஒருத்தருக்கு வாய் இருந்துச்சு, ஒருத்தருக்கு இல்ல" என்று முடித்துவிடுவாள். புருஷன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். மறுத்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். அதற்கும் அவளுக்குக் கோபம் வரும்.

புத்தகம் பைண்டு பண்ணுகிற வீட்டில் பிறந்தவள் அவள். பசையும் காகிதமும் அவளுக்குக் கைவந்த விஷயம். கல்யாணமாகிப் பட்டறையை முதன்முதலாகப் பார்க்க வந்தவள், பசை வாளியை முகர்ந்து பார்த்துவிட்டு, "இது பசையா, நேத்து மிஞ்சின கஞ்சியா?" என்றாள். புதுப் பெண்ணாயிற்றே என்று எல்லோரும் சிரித்தார்கள். கொஞ்ச நாளில் பசை காய்ச்சுவது அவள் வேலையாகிவிட்டது. பிறகு வெனீர் ஒட்டுவதும் அவளிடம் வந்தது. வெனீர் என்பது நல்ல மரத்தைக் காகிதம் போலச் சீவியெடுத்த தாள். மட்டமான பலகைக்கு அதைப் போர்த்தினால் பலகை ஊரை ஏமாற்றும். அந்த ஏமாற்று வேலையில் அவளுக்கு இணை அங்கே யாருமில்லை.

ஆனால் அவளுக்குச் சலித்துவிட்டது. தேக்கு வரி, தேக்கு வரி, மறுபடியும் தேக்கு வரி. ஒரு நாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள், சருகைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மறுநாள் ஒரு ஸ்டூலின் தலைப்பகுதி முழுவதும் வெங்காயச் சருகு ஒட்டியிருந்தது. மேலே மூன்று கை பாலிஷ் ஏறியதும் அது செம்புத் தகடு மாதிரி மின்னியது. கொழுந்தன் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணி, அடுத்து என்ன, பூண்டா?" என்றான்.

பூண்டும் ஒட்டிப் பார்த்தாள், அது வரவில்லை. மீன் செதில் ஒட்டினாள். மழைக்காலத்தில் அது ஒவ்வொன்றாக எழுந்து நின்றது. பட்டறை முழுக்க நாற்றம் அடித்தது. முட்டை ஓட்டை நொறுக்கி, ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே முடி அளவு இடைவெளி விட்டு ஒட்டினாள். அது பிரமாதமாக வந்தது. ஓட்டை குக்கர் மூடியை வெட்டி அலுமினியக் கீற்றுகள் செய்தாள். தேங்காய்ச் சிரட்டையைத் தேய்த்துத் தேய்த்துக் கறுப்புச் சில்லுகள் எடுத்தாள். பழைய எக்ஸ்ரே படங்களைக் கழுவி, கத்தரித்து, மரத்தோடு மரமாகப் பதித்தாள். தோற்றதும் ஜெயித்ததுமாக அத்தனையும் டப்பா டப்பாவாகப் பிரஸ்ஸுக்கு எதிரே ஓர் அலமாரியில் அடுக்கியிருந்தன. உலகத்தில் அவளுக்கென்று சொந்தமாக இருந்தது அந்த அலமாரி ஒன்றுதான்.

அலமாரிக்குள் போன சாமான் எல்லாம் அவளுடையது என்று சொல்ல முடியாது. ஓரகத்தியின் சீப்பு ஒன்று ஆமை ஓடு நிறத்தில் இருந்தது, ஒரு காலத்தில். பாலிஷ்காரனின் குடைப்பிடி, வாசல் மணியின் பித்தளை நாக்கு, கொழுந்தனின் பெல்ட் கொக்கி எல்லாம் அந்தப் பக்கம் போய்த் திரும்பவில்லை. முன்னாலேயே கேட்டால் கொடுக்க மாட்டார்கள் என்பது அவள் நியாயம். ஒட்டின பிறகு கேட்டால் பிரித்தா கொடுக்க முடியும் என்பது அடுத்த நியாயம். இரண்டு நியாயத்தையும் அவள் உரத்த குரலில் சொல்வதால் எதிர்த்துப் பேச யாரும் மெனக்கெடுவதில்லை.

அவள் எதை ஒட்டினாலும் கடைசியில் அது புருஷன் கைக்குத்தான் வரும். பலகைக்கு முன்பக்கம் மட்டும் ஒட்டினால் போதாது. பசை காயும்போது தாள் சுருங்கிப் பலகையைத் தன் பக்கம் இழுக்கும். பின்பக்கமும் ஒரு தாள் ஒட்டினால்தான் இரண்டு இழுப்பும் சமமாகிப் பலகை நேராக நிற்கும். தொழிலுக்கு வந்த முதல் வாரமே சொல்லித்தருகிற பாடம் இது. முகம் அவள் வேலை, முதுகு அவர் வேலை. கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒட்டிய முதுகுகளை யாரும் பார்த்ததில்லை. பலகை சுவரைப் பார்த்துத் திரும்பிவிட்டால் அதோடு சரி.

இப்படி இருக்கும்போதுதான் கண் டாக்டரம்மாவின் வேலை வந்தது. புதிதாகக் கட்டிய மருத்துவமனையில், நோயாளிகள் உட்காரும் கூடத்துச் சுவருக்குப் பெரிய அலங்காரப் பலகை ஒன்று வேண்டும் என்றார் அவர். கொழுந்தன், பெரிய கண் படம் அச்சடித்த மைக்கா ஷீட்டைக் காட்டினான். டாக்டரம்மா அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வாசலில் கிடந்த முட்டை ஓட்டு மேஜையைத் தடவிக்கொண்டே, "இதைச் செஞ்சது யாரு? அவங்களே செய்யட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கொழுந்தன் மென்று முழுங்கினான். அவர் கார் நகர்ந்ததும் அண்ணி பக்கம் திரும்பினான்.

"சரி, பண்ணுங்க அண்ணி. ஆனா ஒண்ணு. இது மட்டும் சொதப்புச்சுன்னா அந்த அலமாரியை நானே காலி பண்ணிக் குப்பை வண்டியில ஏத்திடுவேன். அப்புறம் இந்தப் பட்டறையில மைக்காதான். சம்மதமா?"

"ஏத்து. சொதப்பினா என்னையும் சேர்த்து ஏத்து" என்றாள் அவள்.

மழை செய்தாள். சாய்வாகப் பெய்கிற மழை. கண்ணில் மருந்து விட்டு உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு எல்லாம் கலங்கித்தானே தெரியும், அவர்களுக்கும் தெரிகிற மாதிரி ஒன்று வேண்டும் என்பது அவள் எண்ணம். மேகத்துக்கு எக்ஸ்ரே படம், தரைக்குச் சிரட்டை, தெறிக்கிற தண்ணீருக்கு முட்டை ஓடு, மழைக் கம்பிகளுக்கு அலுமினியம். மழைக்குள்ளே இரண்டு மூன்று கீற்று வெயில் வேண்டும். அதற்கு மஞ்சள் சரியாக அமையவில்லை. சாயம் ஏற்றிய மரம் பல்லிளித்தது. பலா மரம் இன்றைக்கு மஞ்சளாக இருந்து நாளைக்குக் கறுத்துவிடும். எரிச்சலில் தலையைத் தூக்கியவள் கண்ணில், பிரஸ்ஸுக்கு மேலே ஆணியில் தொங்கிய மடிப்பு அளவுகோல் பட்டது.

அது அவள் புருஷனுடையது. நாலாக மடிகிற, பித்தளைக் கீல் வைத்த மர அளவுகோல். வெண்ணெய் போன்ற மஞ்சள். அவருக்குக் கண் மங்கி அதன் கோடுகள் தெரியாமல் போய் வருஷக்கணக்காகிறது. அளவெடுக்க இப்போது இரும்பு டேப்தான். சும்மா தொங்குகிற கோல்தானே என்று கழற்றினாள். நுண்ரம்பத்தால் மெல்லிய கீற்றுகளாகப் பிளந்து, எண்களைத் தேய்த்து அழித்துப் பதித்தாள். ஒரு கீற்றின் முனையில் வரிசையாகச் சின்னப் பள்ளங்கள் இருந்தன. அது என்னவோ அவளுக்குப் பிடித்துப்போய், கறுப்பு மெழுகு நிரப்பி அப்படியே விட்டாள். அவரிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். பிறகு மறந்துவிட்டாள்.

பலகையைப் பிரஸ்ஸில் ஏற்றும்போது அவர் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். "எப்படி இருக்கு?" என்று கேட்டாள். "ம்" என்றார். அவர் எதற்கும் "ம்" என்பார் என்பதால் அவள் அடுத்த வேலைக்குப் போய்விட்டாள். சுவர் ஈரம் ஏறாமல் இருக்கப் பின்பக்கத்தில் தார்ச்சீலை அடித்து, சட்டத்தில் முடுக்கி அனுப்பியதும் அவர்தான்.

மருத்துவமனை திறந்தபோது எல்லோரும் பலகையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். கொழுந்தன் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டான். அடுத்த மாதமே அது திரும்பி வந்தது.

வேனிலிருந்து இறக்கும்போதே தெரிந்தது. நடுப்பகுதி உள்ளே குழிந்து, நாலு ஓரமும் முன்னால் வளைந்து, பலகை தட்டு மாதிரி ஆகியிருந்தது. அலுமினியக் கம்பி ஒன்று அமுக்கம் தாங்காமல் துள்ளி, கட்டுப் போட்ட கண்ணோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் மடியில் விழுந்திருக்கிறது. "மேல என்னம்மா விழுந்துச்சு?" என்று அவர் கேட்டதற்கு நர்சு, "மழைங்க" என்றாளாம். இதை டாக்டரம்மா சிரித்துக்கொண்டுதான் சொல்லியிருக்கிறார். ஆனால் கொழுந்தன் சிரிக்கவில்லை.

"மானம் போச்சு! கண்ட கண்ட குப்பையை எல்லாம் ஒட்டினா இப்படித்தான் ஆகும்னு தலையால அடிச்சுக்கிட்டேன். கேட்டீங்களா? முட்டை ஓடு ஒரு பக்கம் இழுக்குது, தகரம் ஒரு பக்கம் இழுக்குது, பலகை பாவம் என்ன பண்ணும்?"

"என் சாமான் இழுக்கலை! ஒரு முட்டை ஓடு உதிர்ந்திருக்கா காட்டு. காட்டுடா பார்க்கலாம்!" கோபம் வந்தால் கொழுந்தனுக்கு 'டா' போட்டுவிடுவாள்.

"எல்லாம் பார்த்தாச்சு. சாயங்காலம் வண்டி வருது, அலமாரி போகுது. நீங்க சொன்ன பேச்சுதான்." அவன் பாலிஷ்காரனைப் பார்த்து, "டீ குடிச்சிட்டு வந்து டப்பாவை எல்லாம் மூட்டை கட்டு" என்றான். எல்லோரும் டீக்குப் போனார்கள். டீயும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று அவள் நின்றாள். புருஷன் வழக்கம்போலப் பிரஸ்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவள் பலகையை இரண்டு ஸ்டூல் மேல் கிடத்தி ஒவ்வொரு துண்டாக அமுக்கிப் பார்த்தாள். ஒட்டினதெல்லாம் ஒட்டினபடி இருந்தது. அந்த ஒரு கம்பி தவிர ஒன்றும் அசையவில்லை. பலகைதான் வளைந்திருந்தது. அப்படியென்றால்? அவள் அதைக் குப்புறப் புரட்டி, தார்ச்சீலையின் ஓரத்தில் உளியைக் கொடுத்து ஒரே இழுப்பாக இழுத்தாள்.

உள்ளே வெறும் பலகை. ஒரு தாள் இல்லை, ஒரு சொட்டுப் பசை இல்லை. முதுகு மொட்டையாக இருந்தது.

முதலில் அவள் வாயில் வந்தது கொழுந்தனுக்கான வசவுதான். கஞ்சன், தாளை மிச்சம் பிடித்துவிட்டான் என்று நினைத்து வாசலுக்குப் பாய்ந்தாள். பாதி வழியில் கால் நின்றது. முதுகு ஒட்டுவது கொழுந்தன் இல்லை.

திரும்பிப் பார்த்தாள். அவர் இன்னும் பிரஸ்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க."

"ம்."

"முதுகு ஒட்டலை."

"ஆமா."

"மறந்துட்டீங்களா?"

"இல்ல."

"பின்னே?" அவள் குரல் கூரைக்குப் போனது. "வேணும்னு விட்டீங்களா? என் அலமாரி போகுதுங்க! இத்தனை நேரம் அவன் என்னை நாய் மாதிரி பேசுறான், நீங்க துணியை வெச்சு இரும்பைத் துடைக்கிறீங்க! நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணினேன்?"

அவர் துணியை மடித்து வைத்தார். பிரஸ்ஸுக்கு மேலே சுவரைக் காட்டினார். ஆணி மட்டும் இருந்தது.

"என் கோல் எங்க?"

அவளுக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும், "அது… சும்மாதானே தொங்கிட்டிருந்துச்சு" என்றாள்.

"முத முதல்ல வேலைக்குப் போனப்ப நானே வாங்கினது. தினமும் காலையில வந்ததும் எடுத்து நாலு மடிப்பையும் விரிச்சுப் பார்த்து, மடிச்சு மாட்டுவேன். தினமும். இதோ இந்த இடத்துலதான் நின்னு. நீ எதிர்லதான் நிக்கிறே. ஒரு நாள்கூடப் பார்த்ததில்லையா?"

அவள் பார்த்ததில்லை.

"பலகையில ஒரு முனையில கறுப்பா மெழுகு வெச்சிருக்கியே, பள்ளம் பள்ளமா, அது என் பல்லு. ரெண்டு கையிலயும் பென்சிலும் பலகையுமா இருக்கிறப்போ வாயில கடிச்சுக்குவேன். அழகா இருக்குன்னு விட்டுட்டே போல."

"கோபமா இருந்தா கேட்டிருக்கலாம்ல? திட்டியிருக்கலாம்ல? ரெண்டு அடி வேணாலும் அடிச்சிருக்கலாம்! வாயில என்ன கொழுக்கட்டையா?"

"எங்க திட்டுறது?" என்றார் அவர். குரல் ஏறவில்லை. "வீட்டுல நீ கோபமா இருக்கே. இங்க வந்தா அவன் கோபமா இருக்கான். நடுவுல என் கோபத்தை எங்க வைக்கச் சொல்றே? பலகைக்குப் பின்னாடிதான் இடம் இருந்துச்சு. அங்க வெச்சேன்."

அவளுக்குக் கோபம் இறங்கவில்லை. ஒரு கோல் போயிற்று, தப்பு, ஒப்புக்கொள்ளலாம். அதற்காக ஒரு தொழில்காரன் முதுகை மொட்டையாக விடுவதா? அப்படியே கொழுந்தனிடம் சொன்னால் அலமாரி தப்பிக்கும். இந்த மனுஷன் தப்பிக்க மாட்டார். அண்ணனுக்கு வயசாகிவிட்டது, வாட்ச்மேனாகக் கேட்டில் உட்கார வைக்கலாம் என்று தம்பி கொஞ்ச நாளாகவே சாடைமாடையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

வாசலில் பேச்சுக் குரல் கேட்டது. பாலிஷ்காரன் கையில் கோணியோடு அலமாரி பக்கம் போனான்.

"அதைத் தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்" என்றாள் அவள். "தம்பி, இங்க வா. பாரு. என் சாமான் மேல பழி போட்டியே, இதைப் பாரு. முதுகுல தாளே இல்ல. முதுகு மொட்டையா இருந்தா, நீ சொல்ற அந்த மைக்காவை ஒட்டினாலும் பலகை இப்படித்தான் வளையும்."

கொழுந்தன் குனிந்து பார்த்தான். தடவிப் பார்த்தான். அவன் முகம் மாறியது. "யாரு விட்டது இதை?"

புருஷன் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "நான்தான். நான்தான் ஒட்ட வேண்டாம்னு சொன்னேன்."

பாலிஷ்காரனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. முதல் வாரப் பாடத்தில், அதுவும் ஊருக்கே பசை பாடம் எடுக்கிற தீப்பெட்டி கோட்டை விட்டதா! அவன் கோணியால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். சாகிற வரைக்கும் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"அவ பொய் சொல்றா" என்றார் புருஷன். "நான்தான் விட்டேன். கோபத்துல விட்டேன்."

அப்போதுதான் எல்லோருமே சிரித்தார்கள். கொழுந்தன்கூடச் சிரித்துவிட்டான்.

"அண்ணே, விடுண்ணே. அண்ணியைக் காப்பாத்தணும்னா வேற ஏதாவது சொல்லு. உனக்கு, கோபம்!"

"வந்துச்சுடா."

"வாயில்லாப் பூச்சிண்ணே நீ. உனக்குக் கோபம் வந்தா உலகமே நின்னுடும், மறுநாள் தேதியே மாறாது."

"வந்துச்சுன்னு சொல்றேன்ல!" அவர் பிரஸ்ஸை ஓங்கி அறைந்தார். கை வலித்ததோ என்னவோ, உடனே உதறினார். அதைப் பார்த்துப் பாலிஷ்காரன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான் சிரிப்பு தாங்காமல்.

அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. ஆயுசுக்கும் ஒரே ஒரு தடவை கோபப்பட்ட மனுஷன். அதையும் நம்ப ஒருத்தரும் இல்லை.

"சிரிக்காதீங்கடா!" என்று அவள் கத்தினாள். தகரக் கூரை அதிர்ந்தது. "எதுக்குச் சிரிக்கிறீங்க? அவரு கோபமாத்தான் இருக்காரு! உண்மையாவே கோபமா இருக்காரு! அவரு கோலை நான் அறுத்துட்டேன். அதுக்குத்தான் விட்டாரு. போதுமா? வாயை மூடுங்க!"

சிரிப்பு நின்றது. கொழுந்தன் அண்ணனைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான், மறுபடியும் அண்ணனைப் பார்த்தான். முதல் தடவையாக அண்ணன் எதிரில் அவன் இரண்டு அடி பின்னால் போனான். "சரி, சரி. அலமாரி அங்கேயே இருக்கட்டும். பலகை மட்டும் வேற ஒண்ணு பண்ணிக் குடுங்க" என்று யாரிடம் சொல்கிறோம் என்றே தெரியாமல் சொல்லிவிட்டு வெளியே போனான். கேட்டில் உட்கார வைப்பது பற்றி அவன் பேசவில்லை.

புருஷன் சின்ன உளியை எடுத்துக்கொண்டு பலகையிடம் வந்தார். அதை நிமிர்த்திப் போட்டு, மஞ்சள் கீற்றுகளை ஒவ்வொன்றாகக் கெல்ல ஆரம்பித்தார். மங்கின கண்ணுக்குக் குறி தப்பியது. உளி பட்ட இடத்திலெல்லாம் பக்கத்து முட்டை ஓடு பொரிந்து தெறித்தது. முடி அளவு இடைவெளி விட்டு, மூச்சைப் பிடித்து அவள் ஒட்டியிருந்த ஓடு. எக்ஸ்ரே மேகம் ஓரத்தில் கிழிந்தது. அவர் நிறுத்தவில்லை. பல் தடம் பட்ட கீற்று வெளியே வந்ததும் அதை ஊதி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அடுத்ததற்குப் போனார்.

மெதுவா, மெதுவா, பார்த்து, கண்ணு எங்க இருக்கு என்று அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வாயைத் திறந்தாள். மூடினாள். தொண்டையில் சூடாக ஏறி வந்ததை அப்படியே உள்ளே தள்ளினாள். அது இறங்க மாட்டேன் என்றது, மறுபடி தள்ளினாள். கசந்தது. இதையா இந்த மனுஷன் இத்தனை வருஷமாக முழுங்கிக்கொண்டிருந்தார் என்று நினைத்தாள். நினைத்ததும் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது.